வேறு சாவிக்குத் திறக்காது

எங்கள் கம்பெனியில் பூட்டைச் சோதிக்கிற முறை ஒன்றே ஒன்றுதான். அதற்குரிய சாவியைப் போட்டுத் திருப்பு. திரும்பினால் பாஸ், திரும்பாவிட்டால் ரிஜெக்ட். வேறு பூட்டின் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார் என்று அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் வேன்களுக்கும் கார்களுக்கும் கதவுப் பூட்டு, ஸ்டார்ட்டிங் பூட்டு செய்து கொடுக்கிற கம்பெனி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டிரெயினியாகச் சேர்ந்திருந்தேன். பூட்டின் உருளைக்குள் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளை வரிசையாகப் போட்டு ஸ்பிரிங் வைத்து மூடுவது என் வேலை. தகடுகள் நான்கு உயரத்தில் வரும். ஒன்று முதல் நான்கு வரை நம்பர் அடித்திருக்கும். நாங்கள் போட்ட வரிசைக்குத்தான் சாவியில் பல் வெட்டுவார்கள்; வரிசை மாறினால்தான் பல் மாறும். எந்தப் பூட்டுக்கு எந்த வரிசை என்று ஒரு சார்ட் சுவரில் தொங்கியது. தூசி துடைக்கக்கூட யாரும் அதைத் தொட்டதில்லை.

ஏனென்றால் ஒன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் ஓரத்தில் பிசிறோடு வரும். உருளையில் சிக்கிக்கொள்ளும். சாவி திரும்பாது, பூட்டு ரிஜெக்ட், நமக்குத் திட்டு. இரண்டும் மூன்றும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். டார்கெட்டை முடிக்க வேண்டிய மனிதன் எதை எடுப்பான்? லைனில் இருந்த அத்தனை பேரும் இரண்டையும் மூன்றையும் மட்டுமே, கை பழகிய நாலைந்து வரிசைகளில், மாற்றி மாற்றிப் போட்டோம். ஊருக்கெல்லாம் போகிற பூட்டுகள், உள்ளே பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற சாவிகள். சேலத்திலிருந்து வந்திருந்த சூப்பர்வைசரிடம் ஒரு நாள் இதை லேசாகச் சொன்னேன்.

"யோவ், வண்டி வாங்குறவன் அவன் சாவியப் போட்டுத் திருப்புவான். திரும்புச்சா, சந்தோஷமாப் போவான். அடுத்தவன் சாவிக்குத் திரும்புதான்னு எவன்யா பாக்கப்போறான்? உனக்குக் கன்ஃபர்மேஷன் வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். வேண்டாமலா? என்னோடு சேர்ந்த டிரெயினிகளில் பாதிப் பேரைக் காரணம் சொல்லாமல் கேட்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள். பெர்மனென்ட் ஆனால்தான் பெண் கொடுப்பேன் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டையும் மூன்றையும் போட்டேன்.

என் அக்காவைக் கொடுத்திருந்தது பேரிகைப் பக்கம் ஒரு ஊரில். மாமாவுக்குத் தக்காளியும் கோசும் விளைகிற நிலம். விளைந்ததைப் பார்டரைத் தாண்டிக் கர்நாடகத்துச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு வேன் வாங்கினார். எங்கள் கம்பெனிப் பூட்டுத்தான் அதில் இருந்தது. இதை எல்லோரிடமும் நான்தான் பெருமையாகச் சொன்னேன். "என் கையால போட்ட பூட்டாக்கூட இருக்கும் மாமா" என்றேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரரும், கன்னடக்காரர், அதே மாதத்தில் அதே மாதிரி வேனை எடுத்தார். இரண்டும் ஒரே நிறம், அடுத்தடுத்து நிற்கும்.

மாமாவின் வேனை ஓட்ட ஒரு டிரைவர் வந்தார். அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர். அப்பன் பாட்டன் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அவர் ஒருவர்தான் லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி மேலே வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிட்டாலும் நான் அவரை நீ என்பேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டாலும் நீங்க என்பார். அப்போது அதில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், வண்டியைக் கழுவி, மாலை போட்டு நிறுத்திவிட்டு, சாவிகளை வளையத்திலிருந்து கழற்றி ஒரு பித்தளைத் தட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரரும் அன்றைக்குச் சேர்ந்தே கும்பிட்டார். இரண்டு வேன் சாவி, டிராக்டர் சாவி, பம்ப்செட் அறைச் சாவி எல்லாம் ஒரே தட்டில். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. டிரைவர் தட்டிலிருந்து ஒரு சாவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டார். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து அணைவரைக்கும் ஒரு சுற்று போனோம். நான் முன் சீட்டில்.

அணையில் எல்லோரும் இறங்கித் தண்ணீர் பார்க்கப் போன பிறகு, அவர் சாவியை எடுத்து வேட்டி நுனியில் சந்தனத்தைத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாவியின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பக்கத்து வீட்டுக்காரர் அடையாளத்துக்கு வைத்தது.

"தம்பி, இது நம்ம சாவி இல்லிங்க. அவங்களுது."

"அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆச்சு?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

அவர் மறுபடி உள்ளே ஏறிச் சாவியைப் போட்டுத் திருப்பினார். வண்டி ஜம்மென்று உறுமியது. கதவையும் பூட்டித் திறந்து பார்த்தார். நெய் மாதிரித் திறந்தது.

"இது சரியில்லிங்களே தம்பி. அவங்க சாவிக்குத் தொறக்குதுன்னா இன்னும் எத்தன பேரு சாவிக்குத் தொறக்குமோ? ஓனர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா ஆவாதுங்களா?"

"அய்யோ, அதெல்லாம் வேணாம்ணா. புதுப் பூட்டு, கொஞ்சம் லூசா இருக்கும், போவப் போவ சரியாயிரும். வெளிய தெரிஞ்சா என் வேலைக்கே ஒல வெச்சிருவாங்க. எங்கிட்ட சொன்னதே ஓனர்கிட்ட சொன்னதா நெனச்சிக்க. யாருகிட்டயும் மூச்சு விடாத."

அவர் சாவியில் மிச்சமிருந்த சந்தனத்தையும் துடைத்தார். "சரிங்க தம்பி. உங்க வேல போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு எதுக்கு" என்றார். வீடு திரும்பியதும் தட்டில் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, மாமாவின் சாவியை எடுத்துக்கொண்டார். யாருக்கும் தெரியவில்லை. பழகப் பழகப் பித்தளை தேயும். பூட்டு இன்னும் மோசமாகத்தான் ஆகும், சரியாகாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு மாட்டுச் சங்கிலியைக் கொண்டுவந்தார். அஞ்செட்டியில் எருமையைக் கட்டுகிற சங்கிலி, விரல் கனம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஸ்டியரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துச் சுற்றி ஒரு திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிடுவார். சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா டிரைவரே, வண்டிக்குப் புண்ணாக்கு வெச்சியா, தண்ணி காட்டினியா?" என்று கேலி. அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் பூட்டுவார்.

மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல். நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா டிரைவரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"என்னா மச்சான், உங்க கம்பெனிப் பூட்டு அவ்ளோ மட்டமா? இந்த ஆளு புது வண்டிய எரும மாதிரி கட்டிப் போடுறான்."

டிரைவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை, "இருக்கட்டும் மாமா, நல்லதுதானே" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன செலவு? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கம்பெனி லாக் இருக்கும்போது சங்கிலி எதுக்கு மாமா? இதெல்லாம் பட்டிக்காட்டு வேலை" என்றேன். மாமா அவரைப் பார்த்து, "கேட்டியா? கழட்டுப்பா அத" என்றார். அவர் அங்கேயே கழற்றி, சுருட்டி, தன் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்டப்பகல், பதினோரு மணி. சந்தையில் லோடை இறக்கிவிட்டு, வேனைப் பூட்டிவிட்டு அவர் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வேன் நின்ற இடத்தில் நாலைந்து கோசு இலைகள் கிடந்தன. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

அங்கே இருந்த போலீஸ், ஓனர் தமிழ்நாடு, வண்டி தமிழ்நாடு, அங்கே போய் எழுதிக்கொடு என்றார்கள். இங்கே வந்தால், திருடு போன இடம் கர்நாடகம், எங்களுக்கென்ன என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் இங்கே ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டிரைவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். அஞ்செட்டி என்றதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வண்டியைத் தேடத்தான் பார்டர் குறுக்கே நின்றது. ஆளை அடிக்க எந்தப் பார்டரும் குறுக்கே நிற்கவில்லை.

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மாமாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்களைத் தன் வேனில் கொண்டுவந்து விட்டார். அந்த வேன் ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடியில் நின்றது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து எண்ணினால் இருபது அடி இருக்காது.

டிரைவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை வீங்கி, விரல்களை மடக்க முடியாமல் தொடை மேல் மல்லாத்தி வைத்திருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மாமாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "தொங்க நா கொடுகா!" என்று கத்திக்கொண்டு போனார். திருட்டுப்பயலே என்று அர்த்தம். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடா!" என்று தமிழிலும் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் விரல்விட்டு எண்ணினார். "கதவு ஒடையல. கண்ணாடித்தூள் ஒண்ணு கெடக்கல. அப்போ சாவி போட்டுத்தான் எடுத்திருக்கான். சாவி மொத்தம் ரெண்டு. ஒண்ணு ஓனர் பையில. இன்னொண்ணு இவங்கிட்ட. வேற என்ன விசாரண வேணும்?"

"சார், வேற சாவிக்கும் அது தொறக்குங்க சார்" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது. "சாமி சத்தியமா சொல்றன். பக்கத்து வண்டி சாவிக்குத் தொறந்துது. ஓனர்கிட்ட இருக்கிற சாவிய எடுத்தாந்து வெளிய நிக்கிற வேன்ல போட்டுப் பாருங்க சார். ஒரு நிமிசம். அந்தத் தம்பிக்குத் தெரியும். பூட்டுக் கம்பெனியிலதான் இருக்காரு. அவரக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கேஸ் ஃபைலில் என் பேர் ஏறும், கம்பெனிப் பேர் ஏறும், அது ஓசூருக்குப் போகும், சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடுவார். பெண் வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. மாமாவும் என்னைச் சும்மா விடமாட்டார், சங்கிலியைக் கழற்றச் சொன்னவன் நான்தானே. மாமாவின் சட்டைப்பையில் அந்த இன்னொரு சாவி துருத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஏம்பா, வேற சாவிக்குத் தொறக்குமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தொறக்காது சார்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. என் வாய் நிற்கவில்லை. "ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனி நம்பர் சார். சார்ட் இருக்கு. சார்ட் பாத்துத்தான் போடுவோம்" என்று பாடம் நடத்தினேன்.

"தம்பீ…" என்றார் அவர். அவ்வளவுதான். ஆயுத பூஜை என்றோ, அணை என்றோ, நீங்கதானே சொல்லாதேன்னீங்க என்றோ அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் நம்பப்போகிறார்கள்?

"சார், அந்த வேன்ல ஒருக்கா போட்டு மட்டும் பாத்துருங்க சார்" என்று மறுபடி கெஞ்சினார்.

"கம்பெனிக்காரரே சொல்லிட்டாரு. அப்புறம் என்னடா உனக்கு டெஸ்ட்டு?" என்று சப்-இன்ஸ்பெக்டர் லத்தியை எடுத்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். நாங்கள் அந்த வேனிலேயே ஏறி வீட்டுக்குப் போனோம்.

சாட்சி இல்லை, பொருள் இல்லை. கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. பேரிகையில் அவர் பேரே "சாவிக்காரன்" ஆயிற்று. எந்த ஓனரும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. லோடு ஏற்றக்கூடக் கூப்பிடவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்பிப் போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்துக்குக் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. கல்யாணம் நடந்தது. மாமாவும் வேறு வேன் எடுத்தார். நான் லைனில் சீனியர் ஆகி, புதுப் பையன்களுக்கு இரண்டும் மூன்றும் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கர்நாடகப் போலீஸிலிருந்து ஆள் வந்தது. ஒரு ஷெட்டில் திருட்டு வண்டிகள் பிடிபட்டிருக்கின்றன, அடையாளம் காட்ட வாருங்கள் என்று. மாமாவோடு போனேன். எங்கள் வேன் வேறு நிறத்தில் நின்றது. மேஜைமேல் திருடனின் சாமான்களை வைத்திருந்தார்கள். கடப்பாரை இல்லை, சுத்தியல் இல்லை. ஒரு கம்பியில் கோத்த ஐந்து சாவிகள், அவ்வளவே. தலையில் எங்கள் கம்பெனி முத்திரை. "இந்த அஞ்சு சாவி போதுமாம். ரெண்டு ஸ்டேட்லயும் சுத்தியிருக்கான்" என்று ஏட்டு சிரித்தார். நான் அந்தப் பற்களைப் பார்த்தேன். இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு. என் கைக்குத் தெரியாதா?

வெளியே வந்து மாமா டீ சொன்னார். "அப்போ அவன் எடுக்கல போல" என்றார். கொஞ்ச நேரம் டீயை ஊதினார். "சரி விடு மச்சான். நடந்தது நடந்துபோச்சு. நாம என்ன, வேணும்னா பண்ணோம்?" நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டு, தேன்கனிக்கோட்டை போய், அங்கே இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அஞ்செட்டியில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு எருமை நின்றது. அதே சங்கிலியில் கட்டியிருந்தது. அவர் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் சொம்பைப் பிடிக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தன.

"வண்டி கெடச்சிருச்சுங்கண்ணா. திருடன் மாட்டிக்கிட்டான். உங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு." அன்றுதான் அவரை முதல் முறையாக நீங்க என்றேன்.

"யாருக்குத் தெரிஞ்சுதுங்க?"

"எனக்கு… மாமாவுக்கு…"

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமே தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். நான் காலில் விழாத குறையாக என்னென்னவோ உளறினேன். வேலை, கல்யாணம், பயம், எல்லாம். முழுதும் கேட்டார்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் நான் எடுக்கலன்னு தெரியுமே. ஸ்டேஷன்ல நாலு பேரு முன்னால நின்னு சொன்னீங்க இல்ல, அதே மாதிரி பேரிகை டீக்கடையில நின்னு ஒருக்கா சொல்லிடுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். 'அவன் எடுக்கல, அந்தப் பூட்டு எந்தச் சாவிக்கும் தொறக்கும், அது எனக்குத் தெரியும்'னு சொல்லுங்க. எம்பொண்ணுக்கு மாப்ள பாக்கறன். வர்றவன் எல்லாம் அங்க விசாரிச்சிட்டுத் திரும்பிப் போறான்."

சொல்கிறேன் என்றேன். சத்தியம் செய்தேன். மறுநாளே பேரிகைக்குப் போய் இறங்கினேன். டீக்கடை நிறைய ஆள். பக்கத்து வீட்டுக்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். "ஏனப்பா, நேத்து அஞ்செட்டி பஸ்ல உன்னப் பாத்தாங்களாமே, என்ன விசேஷம்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சும்மாதான். ஒரு கோயிலுக்கு" என்றேன்.

டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓசூருக்கு வந்துவிட்டேன். மறுபடி அந்தக் கடைக்குப் போனதில்லை. அஞ்செட்டிக்கும் போனதில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தைரியம் இல்லை.

இப்போது என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. சாயங்காலம் வாசலில் நிறுத்தியதும் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுவேன். காலனிக்காரர்கள் சிரிப்பார்கள். கம்பெனிப் பூட்டை நம்பாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்வேன். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால், எங்க மாமாகிட்ட இருந்த ஒரு டிரைவர் என்பேன். அவர் இப்போ எங்க இருக்கிறார் என்று கேட்டால், கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவேன்.